தேய்ந்த டயர் சொல்லும் பாடம்

பழைய மாருதி 800-க்கு டயர் மாற்றணுமா? முதலில் கழற்றப்போகிற டயரைப் பாருங்கள். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் வீல் அலைன்மென்ட் கோளாறு. அதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அப்படியேதான் தேயும், காசு தண்டம்.

பட்டன் ஆழம் 1.6 மி.மீ. வந்துவிட்டால் மாற்றியே ஆகணும். வாங்கும்போது பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத் தேதியைப் படியுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டு 23-வது வாரம் தயாரானது. என் மாமா, பட்டன் நல்லா இருக்கேன்னு தேதி பார்க்காமல் பழைய டயர் வாங்கினார்; பைபாஸில் வெடித்தது. நல்லவேளை, வேகம் குறைவு, உயிர் தப்பியது. ரப்பருக்கும் வயசு உண்டு நண்பர்களே!