மோட்டார் சைக்கிளின் சைகை விளக்குகள்: அழகும் புலப்பாடும்

மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர் வலப்புறம் திரும்ப எண்ணினால் வலக் கையை நீட்டிக் காட்டுவதே முன்னாளில் வழக்கமாயிருந்தது. இவ்வழக்கத்தில் ஒரு பெருங்குறை உண்டு. முன் சக்கரத்தின் பிரேக்கும், எஞ்சினின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் முறுக்குப்பிடியும் வலக் கையின்கீழ்தான் அமைந்துள்ளன. அவ்விரண்டும் மிகத் தேவைப்படும் நொடியிலேயே அக்கையை எடுத்துவிட நேர்கிறது. மின்சாரச் சைகை விளக்குகள் இக்குறையைத் தீர்த்தன. 1950களிலும் 1960களிலும் ஜெர்மனியில் செய்யப்பட்ட பி.எம்.டபிள்யூ. வண்டிகள் சிலவற்றில், முன்னிருந்தும் பின்னிருந்தும் காணக்கூடிய ஒரே விளக்கு கைப்பிடியின் ஒவ்வொரு நுனியிலும் பொருத்தப்பட்டிருந்தது. ஜெர்மானியர் அவற்றை 'எருதின் கண்கள்' என்று அழைத்தனர். கை இருந்த இடத்தில் விளக்கு வந்து நின்றது என்றே கூறலாம்.

இவ்விளக்குக்குத் 'திசைகாட்டி' என்று பெயரிடுவோரும் உளர். காந்த ஊசிக்கு அப்பெயர் முன்னரே உரியதாகிவிட்டமையால், இக்கட்டுரையில் சைகை விளக்கு என்றே வழங்குகிறோம். பட்டறைகளில் இதற்கு 'இண்டிகேட்டர்' என்பதைத் தவிர வேறு பெயரில்லை.

தொழிற்சாலையிலிருந்து வரும் சைகை விளக்குகள் பலருடைய கண்ணுக்கு அழகாகத் தோன்றுவதில்லை. நீண்ட தண்டும் பருத்த தலையும் கொண்டு அவை வண்டியின் வடிவத்தைக் கெடுக்கின்றன என்பது குறை. ஆகவே அவற்றைக் கழற்றிவிட்டு, விரல் நுனியளவேயுள்ள எல்.இ.டி. விளக்குகளை மாட்டிக்கொள்வது இன்று பரவலான வழக்கமாகிவிட்டது. இவ்விருப்பம் இயல்பானதே, தன் வண்டி அழகாயிருக்க வேண்டுமென்று எண்ணுவது குற்றமாகாது. ஆயினும் 2022ஆம் ஆண்டில் நம் நாட்டின் சாலை விபத்துகளில் மாண்ட 1,68,491 பேரில் 74,897 பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள் என்பதை நினைவிற்கொண்டு, கழற்றப்படும் பொருள் என்ன பணியைச் செய்துவந்தது என்பதை முதலில் அறிந்துகொள்ளுதல் நலம்.

சைகை விளக்கு தன்னைக் காணச் செய்தால் மட்டும் போதாது; எப்பக்கம் என்பதையும் சொல்ல வேண்டும். பின்னால் வரும் ஓட்டுநர், மின்னும் மஞ்சள் ஒளி சிவப்புப் பின்விளக்கிற்கு இடப்புறம் உள்ளதா வலப்புறம் உள்ளதா என்று ஒப்பிட்டே அதனை அறிகிறார். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பாகையை 60 பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு கலை. மிகத் தெளிவான நிலையில் மனிதக் கண் ஏறத்தாழ ஒரு கலை அளவு விலகிய இரு புள்ளிகளைப் பிரித்துணர வல்லது. இரு பின் சைகை விளக்குகளுக்கிடையே 180 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பின், நடுவிலுள்ள பின்விளக்கிலிருந்து ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் விலகியிருக்கும். 100 மீட்டருக்கு அப்பாலிருந்து நோக்கினால் இவ்விலக்கம் சற்றேறக்குறைய மூன்று கலை. இடைவெளியை 60 மில்லிமீட்டராகச் சுருக்கினாலோ அது ஒரே கலையாகிவிடும். ஒளிரும் பொருள்கள் கண்ணில் சற்றுப் பரவித் தோன்றுவதால், இரவில் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஏதோ மின்னுகிறது என்று தெரியும். எப்பக்கம் என்று தெரியாது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி அந்த 100 மீட்டரை 6 நொடிகளில் கடந்துவிடும்.

தண்டு நீண்டிருப்பதன் காரணம் இதனால் விளங்கும். ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வகுத்துள்ள விதிகளின்படி முன் விளக்குகளுக்கிடையே குறைந்தது 240 மில்லிமீட்டரும், பின் விளக்குகளுக்கிடையே குறைந்தது 180 மில்லிமீட்டரும் இடைவெளி வேண்டும். தரையிலிருந்து உயரம் 350 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் 1,200 மில்லிமீட்டருக்கு மிகாமலும் இருத்தல் வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாட்டின் விதி இன்னும் கண்டிப்பானது. அங்கு விளக்குகளின் மையங்களுக்கிடையே முன்புறம் 16 அங்குலமும் பின்புறம் 9 அங்குலமும் வேண்டும். ஒரே வண்டி அந்நாட்டுக்கு அனுப்பப்படும்போது மட்டும் கொம்பு முளைத்தாற்போலக் காணப்படுவது இதனால்தான்.

முன்புறத்தில் வேறொரு இடர்ப்பாடு உண்டு. அங்கே சைகை விளக்கின் பகைவன் முகப்பு விளக்கே. வலிய வெண்ணொளியின் அருகே மெல்லிய மஞ்சளொளி மறைந்துபோகும். ஐரோப்பிய விதி இதற்கு ஓர் அழகிய சமரசம் கண்டுள்ளது: 90 கேண்டெலா ஒளிச்செறிவுள்ள சைகை விளக்கு, தாழொளி முகப்பு விளக்கிலிருந்து குறைந்தது 75 மில்லிமீட்டர் தள்ளியிருக்க வேண்டும்; 250 கேண்டெலா இருந்தால் 20 மில்லிமீட்டரே போதும். அருகில் வைக்க விரும்புவோர் அதற்கேற்ற ஒளியைக் கொடுத்தாக வேண்டும். நம் நாட்டில் 2017 ஏப்ரல் 1 முதல் புதிய இருசக்கர வாகனங்களில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் முகப்பு விளக்கு தானே எரியும்படி செய்யப்பட்டுள்ளது. ஆதலால் முன்பு இரவுக்கு மட்டும் உரியதாயிருந்த இச்சிக்கல் இன்று பகலுக்கும் உரியதாகிவிட்டது.

நிறத்தைப் பற்றிச் சில சொற்கள். பின்புறச் சைகை சிவப்பாயிருந்தால் அதனைப் பிரேக் விளக்கென மயங்க இடமுண்டு. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2009இல் வெளியிட்ட ஆய்வு, மஞ்சள் சைகையுள்ள கார்கள் திரும்புகையில் பின்னிருந்து மோதப்படுவது, சிவப்புச் சைகையுள்ளவற்றைவிட ஏறத்தாழ 5 சதவீதம் குறைவு எனக் கண்டது. புகைநிற மூடியிட்ட விளக்குகள் அணைந்திருக்கும்போது மிக அழகியவை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்; ஆனால் விளக்கு எரிவதற்கன்றோ? அம்மூடி பத்தில் நான்கு பங்கு ஒளியையே வெளிவிடுமாயின், 50 கேண்டெலா 20 ஆகிவிடும். மேலும், உடலோடு ஒட்டிய பட்டை விளக்குகள் பல நேர் பின்னே மட்டும் நன்கு தெரிகின்றன. விதியோ வெளிப்புறமாக 80 பாகை வரையிலும் விளக்கு தெரிய வேண்டுமென்கிறது. பக்கத்துத் தடத்தில் முந்த வருபவருக்காகவே இவ்விதி.

இனி மின்சாரத்திற்கு வருவோம். பட்டறைகளில் பெரும்பாலும் குழப்பம் விளைவது இங்கேதான். நம் வண்டிகளில் பொதுவாகக் காணப்படுவது 12 வோல்ட், 10 வாட் பல்புகள். ஒரு பக்கத்திற்கு இரண்டு எனில் 20 வாட். மின்னோட்டம் சுமார் 1.67 ஆம்பியர். அவற்றிற்குப் பதிலாக ஒவ்வொன்றும் 1 வாட் செலவிடும் எல்.இ.டி. விளக்குகளை இட்டால் மின்னோட்டம் பத்தில் ஒன்றாகக் குறைகிறது. இது சிக்கனமே, ஆனால் விளக்கை மின்ன வைக்கும் 'பிளாஷர்' அதனை அவ்வாறு எடுத்துக்கொள்வதில்லை. பழைய வகைப் பிளாஷரில் ஓர் ஈருலோகத் தகடு மின்னோட்டத்தால் சூடேறி வளைந்து சுற்றைத் துண்டிக்கும்; குளிர்ந்ததும் மீண்டும் இணைக்கும். வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் நூற்றில் ஒரு பங்கு வெப்பத்தையே தரும். தகடு வளையாது; விளக்கு மின்னாமல் ஒரே சீராக எரிந்துகொண்டிருக்கும். மின்னணுப் பிளாஷர்களில் பல, மின்னோட்டம் குறைந்தால் பல்பு ஒன்று பழுதாயிற்று என்று கருதி, ஓட்டுபவரை எச்சரிக்க ஏறத்தாழ இருமடங்கு விரைவாக மின்னும். நிமிடத்திற்கு 60க்குக் குறையாமலும் 120க்கு மிகாமலும் மின்ன வேண்டுமென்ற வரம்பு இதனால் மீறப்படுகிறது.

இதற்கு மின்தடையொன்றை விளக்கோடு இணையாகப் பொருத்துவார்கள். குறைந்துபோன 9 வாட்டை ஈடுசெய்ய 12 வோல்ட்டில் 16 ஓம் வேண்டும். எஞ்சின் ஓடுகையில் மின்னழுத்தம் 14 வோல்ட் வரை உயருமாதலால், அத்தடை 12 வாட்டுக்கு மேல் வெப்பம் உமிழும். பிளாஸ்டிக்கின்மேல் ஒட்டினால் அதனை உருக்கிவிடும். மிச்சப்படுத்திய மின்சாரத்தை வீணே வெப்பமாக்குவதைவிட, மின்னோட்டத்தின் அளவைச் சாராத எல்.இ.டி. பிளாஷரை வாங்கிப் பொருத்துவதே மேல் என்பது எம் கருத்து.

பிளாஷரை மாற்றிய பின்னும் சில வண்டிகளில் விந்தையொன்று நிகழும். இடப்புறம் திரும்பப் பொத்தானை அழுத்தினால் நான்கு விளக்குகளும் மின்னும்! மீட்டர் பலகையில் இருபுறத்துக்கும் பொதுவாக ஒரே அறிவிப்பு விளக்கு உள்ள வண்டிகளில் இது காணப்படும். அவ்விளக்கு தரைமுனையோடு இணைக்கப்படாமல் இடக் கம்பிக்கும் வலக் கம்பிக்கும் நடுவே கட்டப்பட்டிருக்கும். இடப்புறம் இயங்கும்போது மின்னோட்டம் அறிவிப்பு விளக்கின் வழியே சென்று, அணைந்திருக்கும் வலப்புறப் பல்புகளின் இழைகளைக் கடந்து தரையை அடையும். இழைகளின் தடை மிகக் குறைவாதலால் அவை ஒளிர்வதில்லை. அறிவிப்பு விளக்கு மட்டும் எரியும். சிக்கனமான ஏற்பாடுதான். ஆனால் இழையின் இடத்தில் எல்.இ.டி. வந்ததும் நிலைமை தலைகீழாகிறது. அதற்குச் சிறிதளவு மின்னோட்டமே போதுமாதலால், அறிவிப்பு விளக்கு மங்க, எதிர்ப்பக்க விளக்குகள் ஒளிர்கின்றன. இடம் என்று சொல்ல வேண்டிய வண்டி, ஆபத்து என்று சொல்லிக்கொண்டு போகிறது.

பரிகாரம் எளிது. அறிவிப்பு விளக்கிற்கு வரும் இரு கம்பிகளிலும் ஓர் ஆம்பியர் தாங்கும் டையோடு ஒன்றொன்றை, கோடிட்ட முனை விளக்கை நோக்கி இருக்குமாறு இணைத்து, அவ்விரு முனைகளையும் விளக்கின் ஒரு முனையில் சேர்க்க வேண்டும். மறு முனையை வண்டியின் சட்டத்தோடு இணைக்க வேண்டும். பிறகு ஒரு பக்கத்து மின்சாரம் மறுபக்கம் செல்ல வழியில்லை. பழைய விளக்குகள் சிலவற்றில் உலோகத் தண்டே தரைக்கம்பியாகவும் பணியாற்றும். புதிய விளக்கின் தண்டு ரப்பரானால் தரைக்குத் தனிக்கம்பி வேண்டும். எல்.இ.டி. எரியவில்லையென்றால் அது பழுது என்று முடிவுகட்டுமுன் கம்பிகளை மாற்றியிணைத்துப் பார்க்கலாம். பல்புக்கு நேர், எதிர் என்ற வேறுபாடில்லை, டையோடுக்கு உண்டு.

சட்டத்தையும் மறத்தலாகாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வாகனத்தில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே தரக்குறியும் ஒப்புதலும் பெற்ற விளக்குகளையே தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

பொருத்தி முடித்ததும் கடைத்தெருவிலேயே பார்த்து மகிழ்ந்துவிடாமல், ஒரு சோதனை செய்து பார்க்கவேண்டும். வண்டியை வெட்டவெளியில், மாலைச் சூரியனின் கதிர்கள் பின் விளக்கின்மேல் நேரே விழும்படி நிறுத்துக. நண்பர் ஒருவரை 50 மீட்டர் பின்னே நிற்கச் சொல்லி, அவருக்குத் தெரியாமல் இடமோ வலமோ இயக்குக. எப்பக்கம் என்று அவர் கையை நீட்டிக் காட்டட்டும். பத்து முறையும் தயங்காமல் சரியாகக் காட்டினால் இருட்டியபின் பின்விளக்கை எரியவிட்டு 100 மீட்டரிலும், முகப்பு விளக்கை எரியவிட்டு முன்புறத்திலும் இதையே செய்க. பின்னிருக்கையில் ஒருவரை அமர்த்தி, வழக்கமாகத் தொங்கவிடும் பக்கப் பைகளையும் மாட்டி, இன்னொரு முறை பார்க்கவேண்டும். பையோ சேலைத் தலைப்போ விளக்கை மறைப்பது அப்போதுதான் தெரியவரும். நண்பர் ஓரிடத்தில் தயங்கினாலும், தண்டு சற்று நீண்ட விளக்கைக் கேட்டு மறுநாள் அதே கடைக்குச் செல்ல வேண்டியதுதான்.