கொடியிலிருந்து பின்னோக்கிப் பாருங்கள்

கோல்ஃப் மட்டையைப் புதிதாகப் பிடித்த பிள்ளைகள், பந்தை எப்படி அடிப்பது என்றுதான் கேட்கிறார்கள். எங்கே அடிப்பது என்று கேட்பவர் அபூர்வம். அதைச் சொல்லித்தர எனக்குத் தெரிந்த நல்ல வாத்தியார், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள அகஸ்டா நேஷனல் மைதானம். தனியார் கிளப். கையில் காசிருந்தாலும் உறுப்பினராக விண்ணப்பிக்க முடியாது. அவர்களாக அழைக்க வேண்டும். ஆனால் ஏப்ரலில் அங்கே மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும் நான்கு நாளும் நம் வீட்டு டிவியில் நடுநிசி தாண்டி ஓடும். கண்விழித்துப் பாருங்கள்.

1. பூவைப் பார்க்காதீர்கள். அந்த நிலம் முன்பு நாற்றுப்பண்ணை. அதனால்தான் ஒவ்வொரு ஹோலுக்கும் ஒரு செடியின் அல்லது மரத்தின் பெயர். கேமராவும் அசேலியாப் பூக்களையே சுற்றிவரும். நீங்கள் ஃபேர்வேயின் அகலத்தைப் பாருங்கள். பாபி ஜோன்ஸும் அலிஸ்டர் மெக்கென்ஸியும் வடிவமைத்து 1933-இல் திறந்த மைதானம் இது. டீயிலிருந்து அடிக்கத் தாராளமாக இடம் விட்டார்கள். ஆனால் கொடி எந்த மூலையில் இருக்கிறதோ, அதைப் பொறுத்து அந்த அகலத்தில் ஒரு பக்கம்தான் உங்களுக்கு உதவும். மற்ற பக்கத்தில் பந்து அழகாகப் புல்லில் கிடக்கும். அடுத்த அடிக்கு வழி இருக்காது. ஆகவே கொடியைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து டீ வரை பின்னோக்கி யோசியுங்கள்.

2. திரை மேடுபள்ளத்தை விழுங்கிவிடும். 10-ஆம் ஹோல் டீயிலிருந்து கிரீன் வரை ஏறக்குறைய நூறு அடி இறங்குகிறது. 18 முழுக்க ஏற்றம். ஆட்டக்காரரின் கால் எப்படி ஊன்றியிருக்கிறது என்று கவனியுங்கள்.

3. 12-ஆம் ஹோலுக்கு மட்டும் தூங்கிவிடாதீர்கள். வெறும் 155 யார்டு. ஒன்பதாம் நம்பர் அயர்ன் போதும் என்று தோன்றும். கிரீன் அகலமாக இருந்தாலும் ஆழம் கிடையாது. போதாததற்குச் சாய்வாகக் கிடக்கிறது, வலதுபக்கம் இடதைவிடத் தள்ளி. வலக்கை ஆட்டக்காரரின் பந்து வலப்புறம் விலகினால் பெரும்பாலும் தூரமும் குறையும். அங்கேதான் தூரம் அதிகம் வேண்டும், அங்கேதான் கரைப்புல்லை ஒட்ட வெட்டி வைத்திருக்கிறார்கள். பந்து வழுக்கி, கிரீனுக்கு முன்னால் ஓடும் ரேஸ் ஓடைக்குள் போய்விடும். கடைசி நாள் கொடியை வலதில் நடுவதும் வழக்கம். மரங்களுக்குள் காற்று வேறு சுழன்றடிக்கும்.

2016 மாஸ்டர்ஸ் கடைசி நாளில் ஜோர்டன் ஸ்பீத் பாதி ஆட்டத்தில் ஐந்து அடி முன்னிலையில் இருந்தார். இங்கே இரண்டு பந்தைத் தண்ணீரில் விட்டு ஏழு அடித்தார், பட்டம் போயிற்று. 2019-இல் முன்னிலையில் இருந்த மொலினாரி ஓடையில் போட்டதைப் பார்த்த டைகர் உட்ஸ், கொடியைச் சட்டை செய்யாமல் இடதுபக்கம் பங்கருக்கு மேலாக அடித்து, பார் எடுத்து, பட்டமும் வென்றார். அதே டைகர் மறுவருடம் அதே ஹோலில் பத்து அடித்தார். விடை தெரிந்தவரையும் விடாத ஹோல் அது. என்னைக் கேட்டால், உலகில் இதைவிடச் சிறந்த குட்டி ஹோல் இல்லை.

4. ஆசை காட்டும் ஹோல்கள் 13-உம் 15-உம். இரண்டும் பார் ஐந்து, இரண்டிலும் கிரீனுக்கு முன்னால் தண்ணீர். 13-இல் பந்து உங்கள் காலைவிட மேட்டில் கிடக்கும்; வலக்கைக்காரர் அடித்தால் இடதுபுறம் இழுக்கும். அதைத் தெரிந்துகொண்டுதான் இரண்டே அடியில் தாண்டப் பார்க்கிறார்கள். இப்போதெல்லாம் பந்து பறக்கும் தூரத்துக்கு இது சுலபமாகிவிட்டதால், 2023-இல் டீயை 35 யார்டு பின்னால் கொண்டுபோனார்கள். 15-இல் பயந்து முன்னால் நிறுத்திக்கொள்வதும் பத்திரம் இல்லை: இறக்கத்தில் நின்று, குளத்துக்கு மேலே சின்ன அடி அடிக்க வேண்டும்.

5. கொடிக்குக் கீழே பந்தை நிறுத்துங்கள். மேலே நின்றால் புட் தொட்டாலே ஓடும். 1981 போட்டியிலிருந்து கிரீன்களில் பென்ட் புல் வந்தது, வேகம் கூடிவிட்டது. ஆனால் 9-இல் குறைவாக அடித்தாலும் தப்பில்லை என்று நினைக்காதீர்கள். முன்சரிவில் பட்டால் பந்து உருண்டு ஃபேர்வேக்கே திரும்பிவிடும். 1996-இல் கிரெக் நார்மனுக்கு அப்படித்தான் ஆனது. 14-இல் ஒரு பங்கர்கூடக் கிடையாது. தேவைப்படவில்லை, கிரீனின் வளைவே போதும்.

6. மைதானத்தை வியப்பது வேறு, கிளப்பை வியப்பது வேறு. கறுப்பினத்தவர் ஒருவரை உறுப்பினராக்க 1990 வரையும், பெண்களைச் சேர்க்க 2012 வரையும் எடுத்துக்கொண்டார்கள். புல்லை அவ்வளவு கவனித்தவர்கள்.

7. அடுத்த ஏப்ரலில் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கோர் எழுத வேண்டாம். கொடி எங்கே, இரண்டாம் அடி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, பந்து கொடிக்கு மேலே நின்றதா கீழேயா — இந்த மூன்றையும் குறியுங்கள். மறுநாள் உங்கள் ஊர் மைதானத்தில், மட்டையை எடுக்காமல், கடைசி கிரீனிலிருந்து முதல் டீ வரை ஒருமுறை நடந்து வாருங்கள். ஆட வருகிறவர்களுக்கு ஒதுங்கி வழிவிடுங்கள். பந்து தலையில் பட்டால் என்னைக் குறை சொல்லக்கூடாது.