ஸ்கிரிப்டில் எஸ்எஸ்எச் கொட்டும் வரிகள்: எதை, எங்கே அடக்குவது?

2019-இல் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் குப்பைக் கிடங்கின் கசிவுநீரால் பெனுட் ஆற்றில் அம்மோனியா கூடி, சிம்பாங் ரெங்கத்தின் நீர் சுத்திகரிப்பு நிலையம் ஒருமுறைக்கு மேல் மூடப்பட்டது. அப்படிப்பட்ட ஓர் ஆற்றின் கரையில் அம்மோனியாவை அளக்கும் கருவியின் அளவை மணிக்கொரு முறை எஸ்எஸ்எச் வழியாக எடுத்துவரும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நமக்கு வேண்டியது ஓர் எண். கூடவே சட்ட எச்சரிக்கை, வரவேற்புரை, சர்வர் சாவி சேர்க்கப்பட்ட அறிவிப்பு எல்லாம் வருகின்றன. கிரான் இவற்றை மணிதோறும் மின்னஞ்சலாக்கி அனுப்பும். சில நாளில் அதைத் திறப்பதையே விட்டுவிடுவோம். கருவி நின்றுபோன நாளிலும் திறக்கமாட்டோம். ஆகவே வேண்டாத வரிகளை அடக்கத்தான் வேண்டும். பிழைச்செய்தி மட்டும் தப்பிப் பிழைக்க வேண்டும்.

முதலில் வரி எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள். சட்ட எச்சரிக்கையும் எஸ்எஸ்எச்சின் சொந்த அறிவிப்புகளும் பிழை வெளியீட்டில் வருபவை. எண்ணைக் கெடுக்காது, அஞ்சலைத்தான் நிரப்பும். வரவேற்புரையும், பாஷ்ஆர்சி கோப்பில் யாரோ எழுதிவைத்த எக்கோ வரியும் வழக்கமான வெளியீட்டில் வந்து எண்ணோடு கலந்துவிடும். இந்த இரண்டாம் வகைதான் ஆபத்தானது.

பிழை வெளியீட்டை டெவ் நல்லுக்குத் திருப்புவது
எளிது, ஆனால் முரடு. எஸ்எஸ்எச்சின் பேச்சோடு, தொலைக் கணினியில் ஓடும் கட்டளையின் பிழைச்செய்தியும் போய்விடும். கருவியின் கோப்பு காணாமல் போனாலும் திரையில் ஒன்றும் தெரியாது.

கியூ விருப்பம்
தொலைக் கட்டளையின் பிழைச்செய்தி தப்பும். ஆனால் இணைப்பு மறுக்கப்பட்டது, அனுமதி இல்லை போன்ற எஸ்எஸ்எச்சின் பிழைகளும் மௌனமாகிவிடும். வெளியேறும் எண்ணைத் தவறாமல் சோதிப்பவர்கள் மட்டும் பயன்படுத்தலாம்: 255 வந்தால் பெரும்பாலும் எஸ்எஸ்எச்சிலேயே கோளாறு, வேறு எண் என்றால் அது தொலைக் கட்டளையுடையது.

லாக்லெவல் எரர்
பெரும்பாலான ஸ்கிரிப்டுகளுக்கு என் பரிந்துரை இதுதான். சட்ட எச்சரிக்கையும் சாவி அறிவிப்பும் மறையும். உண்மையான பிழை மட்டும் மிஞ்சும். கான்ஃபிக் கோப்பில் அந்த ஒரு சர்வரின் பெயருக்குக் கீழே எழுதிவைத்தால் நாம் கையால் உள்நுழையும் மற்ற சர்வர்கள் பாதிக்கப்படாது. பேட்ச்மோடையும் அங்கேயே இயக்கிவிடுங்கள். கடவுச்சொல் கேட்டு ஸ்கிரிப்ட் காத்துக்கிடக்காது.

தொலைக் கணினியிலேயே திருத்துவது
வழக்கமான வெளியீட்டில் கலக்கும் வரிகளுக்கு மேற்சொன்ன எதுவும் உதவாது. பாஷ்ஆர்சியின் தொடக்கத்திலேயே, ஆள் உட்கார்ந்து தட்டும் ஷெல் இல்லையென்றால் திரும்பிவிடும்படி ஒரு வரி சேருங்கள். எஸ்எஃப்டிபி, ஆர்சிங்க் இரண்டும் பாஷ்ஆர்சியின் எக்கோ வரியால் இணைப்பையே முறித்துக்கொள்ளக்கூடும். ஹஷ்லாகின் என்ற வெற்றுக் கோப்பு வரவேற்புரையை நிறுத்தும். சட்ட எச்சரிக்கையை நிறுத்தாது. ஸ்கிரிப்டை எஸ்எஸ்எச்சுக்குள் ஊட்டுபவர்கள், கட்டளை இல்லாமல் நுழைவதற்குப் பதில் 'பாஷ் -எஸ்' என்று கட்டளையாகவே கொடுத்தால் வரவேற்புரையும் வராது, போலி டெர்மினல் பற்றிய முணுமுணுப்பும் வராது.

குரோனிக்
மோர்யுட்டில்ஸ் தொகுப்பிலுள்ள இந்தக் கருவி, வேலை வெற்றியானால் எல்லா வெளியீட்டையும் விழுங்கும். தோற்றால் முழுவதையும் காட்டும். கிரான் வேலைகளுக்கு மிகப் பொருத்தம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். சாவி பற்றிய கேள்வி தொல்லையாக இருக்கிறது என்று சர்வர் சாவிச் சோதனையையே அணைக்க வேண்டாம். 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தாத்து யுலோனன் எஸ்எஸ்எச்சை எழுதியதே, அங்கு வலைப்பின்னலில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்ட பிறகுதான். 2017-இல் ஓப்பன்எஸ்எஸ்எச் 7.6 'அக்செப்ட்-நியூ' என்ற அமைப்பைக் கொண்டுவந்தது: புதிய சர்வரைக் கேட்காமல் ஏற்கும், சாவி மாறிய பழைய சர்வரை மறுக்கும். சாவியை முன்கூட்டியே சரிபார்த்துச் சேர்த்துவைப்பது அதைவிட நல்லது.

சுருக்கமாக: எண்ணில் கலப்பதைத் தொலைக் கணினியில் திருத்துங்கள், அறிவிப்புகளை லாக்லெவல் எரரால் அடக்குங்கள், கிரானுக்குக் குரோனிக்கைச் சேருங்கள். முடிந்ததும் கருவியின் இணைப்பை வேண்டுமென்றே துண்டித்து, பிழை அஞ்சல் வருகிறதா என்று பாருங்கள். அது வந்தால்தான் வேலை முடிந்தது.