தாத்தாவுக்கு வந்தது நமக்கும் வருமா?

அன்பு மருமகளுக்கு,

தாத்தாவுக்கு வந்த வயிற்றுப் புற்று வழிவழியாக நமக்கும் வருமா என்று கேட்டிருந்தாய். நம் ஜோகுபாளையத்தில் ஆளுக்கொன்று சொல்வார்கள். நீ பி.யு.சி.யில் பயாலஜி படிக்கிறவள், விவரமாகவே சொல்கிறேன். கிட்வாய் மருத்துவமனையில் 1982 முதல் இருக்கும் பெங்களூர்ப் புற்றுநோய்ப் பதிவேட்டில், ஆண்களுக்கு வரும் புற்றுகளில் இது முன்வரிசையில் இருந்து வந்திருக்கிறது.

செல் கண்டபடி பெருகாமல் காவல் காக்கும் மரபணுக்கள் சில உண்டு. அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று என ஒவ்வொன்றும் இரண்டு பிரதி. கதவுக்கு மேலும் கீழும் தாழ்ப்பாள் போட்ட மாதிரி. இரண்டும் உடைந்தால்தான் வினை என்று, குழந்தைகளின் கண்புற்றை ஆராய்ந்து 1971இல் ஆல்ஃபிரட் நட்சன் சொன்னார்.

அந்தக் காவல் மரபணுக்களில், வயிற்றுப் புற்றில் அதிகம் கெடுவது டிபி53. டி.என்.ஏ. பழுதானால் அது செல் பிரிவதை நிறுத்தும். சரிப்படாவிட்டால் அந்தச் செல்லையே சாகவைக்கும். 2014இல் 295 கட்டிகளை அலசியதில் ஏறக்குறையப் பாதியில் இது பழுதாகியிருந்தது. இரண்டு தாழ்ப்பாள் கணக்குக்கு அடங்காத வில்லங்கமான ஜீன்: ஒரு பிரதி கெட்டாலே, அதில் உருவாகும் கோணல் புரதம் நல்லதையும் முடக்கிவிடக்கூடும்.

ஆனால் இந்தப் பழுது பெரும்பாலும் பிறவியில் வருவதல்ல. இரைப்பைச் செல்லில் வயதோடு சேர்வது. சின்ன வயதில் தொற்றும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி பல வருடம் உள்ளேயே இருந்து இரைப்பைச் சுவரைப் புண்ணாக்கும். புகையிலையும் உப்பில் ஊறியவையும் அதற்குத் துணை. அந்தக் கிருமி வீட்டுக்குள்ளேயே பரவக்கூடியது. ஆகவே ஒரே வீட்டில் இருவருக்கு நோய் வந்தால் ஜீன்தான் காரணம் என்று முடிவுகட்ட முடியாது.

பிறவியில் வருவதும் அபூர்வமாக உண்டு. நியூசிலாந்தில் ஒரு மாவோரிக் குடும்பத்தில் இளவயதிலேயே பலர் இந்த நோயில் போனார்கள். 1998இல் ஒடாகோ பல்கலைக்கழகத்தின் பாரி கில்ஃபோர்டு குழு, சிடிஹெச்1 என்ற ஜீன் கெட்டிருப்பதைக் கண்டது. செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைப்பது அது. அது போனால் செல்கள் உதிரியாகச் சுவருக்குள் பரவும். கட்டியாகத் திரளாததால் எண்டோஸ்கோபியிலும் தப்பிவிடும். அதனால்தான் அந்தப் பழுது உள்ளவர்களுக்கு நோய் வருமுன்பே இரைப்பையை முழுதாக எடுத்துவிடச் சொல்கிறார்கள். இரைப்பை இல்லாமலும் வாழலாம். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டு, பி12 ஊசி போட்டுக்கொண்டு.

தாத்தாவின் பயாப்ஸி ரிப்போர்ட்டை அம்மாவிடம் வாங்கிப் பார். உதிரியாகப் பரவும் வகையைக் குறிக்கும் 'டிஃப்யூஸ்' அல்லது 'சிக்னெட் ரிங்' என்றிருந்து, சொந்தத்தில் வேறு யாருக்காவது வயிற்றுப் புற்று வந்திருந்தால், மரபணு ஆலோசனைக்குப் போகத்தான் வேண்டும். கட்டியாகத் திரளும் வகையான 'இன்டெஸ்டினல்' என்றிருந்தால், உன் அம்மாவும் நானும் முதலில் பைலோரி டெஸ்ட் எடுத்துக்கொள்கிறோம். மூச்சை ஊதிக் காட்டினாலே தெரிந்துவிடும். இருந்தால் இரண்டு வார மாத்திரை.

அன்புடன்,
மாமா