கொழுப்பை உறிஞ்சியெடுத்தால் நோய் நீங்குமா?

உடலிலுள்ள கொழுப்பைக் குழாயினால் உறிஞ்சி எடுத்துவிட்டால் நீரிழிவும் நீங்கிவிடுமா எனச் சிலர் வினவுகின்றனர். 'இலிப்போசக்சன்' எனப்படும் இச்சத்திர சிகிச்சை யாதெனச் சற்று ஆராய்வோம்.

1920களில் பிரான்சில் நடனமாது ஒருவரின் முழங்காற் கொழுப்பைச் சுரண்டியெடுக்க முற்பட்டபோது இரத்தக்குழாய் சேதமுற்று, அவர் தம் காலையே இழந்தார். 1970களில் இத்தாலியில் பிஷர் எனும் தந்தையும் மகனும் உறிஞ்சும் முறையை உருவாக்கினர். பாரிஸ் நகரின் இல்லூஸ் என்பவர் முனை மழுங்கிய குழாயைப் பயன்படுத்தினார். 1980களில் கலிபோர்ணியாவின் தோல் வைத்திய நிபுணர் ஜெப்ரி கிளைன் மேலும் ஒரு படி முன்னேறினார். உப்புநீருடன் விறைப்பு மருந்தையும் அதிரினலினையும் கலந்து கொழுப்புப் படையினுள் செலுத்துவதே அவரது முறை. இதனால் நோவு மரத்துப்போகும். இரத்தக்குழாய்கள் சுருங்குவதால் இரத்தப்போக்கும் குறையும்.

பின்னர் தோலில் சிறு துளையிட்டு, மெல்லிய குழாயை முன்னும் பின்னும் அசைத்துக் கொழுப்பைக் கலங்களோடு உறிஞ்சி எடுப்பர்.

சிகிச்சையின் பின் ஓரிரு நாட்கள் துளைகளிலிருந்து நீர் கசியும். வீக்கம், கன்றிய நிறம், மரமரப்பு என்பன சில வாரங்கள் நீடிக்கலாம். இறுக்கமான மீள்துணி ஆடையைச் சில வாரங்கள் அணிதல் வேண்டும். இரத்தம் உறையாதிருக்க விரைவிலேயே மெதுவாக நடக்கத் தொடங்க வேண்டும்; கடின வேலைகளைச் சில வாரங்கள் தவிர்க்க வேண்டும். இறுதி உருவம் தெரிய மூன்று முதல் ஆறு மாதங்கள் செல்லும். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, காய்ச்சல், ஒரு கால் மட்டும் வீங்குதல் ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். தாமதம் உயிருக்கே ஆபத்தாகலாம்.

இனி, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு வருவோம். 2004ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், பருமனான 15 பெண்களிடமிருந்து ஏறத்தாழ 10 கிலோ கொழுப்பு அகற்றப்பட்டது. அவர்களுள் எழுவர் நீரிழிவு நோயாளர். பத்துப் பன்னிரண்டு வாரங்களின் பின் பரிசோதித்தபோது இன்சுலினின் செயற்பாட்டிலோ இரத்த அழுத்தத்திலோ முன்னேற்றம் காணப்படவில்லை.

காரணம் யாது? இக்குழாய் எட்டுவது தோலின் கீழுள்ள கொழுப்பை மட்டுமே. குடலைச் சூழ்ந்தும் ஈரலிலும் படிந்துள்ள கொழுப்பு அப்படியே இருக்கிறது. அதைக் கரைப்பவை அளவான உணவும் அன்றாட உடலுழைப்புமேயாம். மேலும், உணவு மிகுந்தால் எஞ்சிய கலங்கள் மீண்டும் பருக்கும்.

எனவே, இது உருவத்தைத் திருத்தும் சிகிச்சையேயன்றி, நோய் தீர்க்கும் சிகிச்சை அன்று. இதற்கெனப் பணம் சேர்க்கும் குடும்பத்தினர் முதலில் இவ்வுண்மையை உணர்ந்து, தகுதிபெற்ற வைத்தியரின் ஆலோசனையைக் கேட்பார்களாக.