துப்பினால் வேண்டாம் என்று அர்த்தமா?

பிள்ளைக்குப் புது உணவு பழக்கும் பாடம்

கிளினிக் நாட்களில் நாங்கள் அடிக்கடி கேட்கிற பேச்சு இது: "கீரை குடுத்தேங்க, துப்பிருச்சு. இதுக்குக் கீரை ஒத்துக்கல." எத்தனை தடவை கொடுத்தீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் "ரெண்டு நாள்" என்றுதான் பதில் வரும். ரெண்டு நாளோடு கீரை நின்றுவிடுகிறது. அந்த இடத்துக்கு பிஸ்கட்டும் சாயத்தண்ணியும் வந்துவிடுகின்றன. இந்தப் பாடம் அந்த ரெண்டு நாளைப் பற்றியது.

2016ஆம் ஆண்டு இலங்கை முழுவதும் எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள். தோட்டப் பகுதியில் மட்டும் பார்த்தால் நூற்றுக்கு ஏறக்குறைய 32 பேர். இதற்குத் தாயை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. கர்ப்பத்தில் தாய்க்குச் சாப்பாடு போதாதது, பிள்ளை எடை குறைவாகப் பிறப்பது, அடிக்கடி வயிற்றோட்டம், தண்ணீர், மலசலகூடம், கைக்கு வருகிற சம்பளம், எல்லாம் சேர்ந்துதான் இந்தக் கணக்கு. ஆனால் உயரம் கூடுதலாகத் தவறிப்போகிற காலம் ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட காலம். பிள்ளை சாப்பிடப் பழகுவதும் அதே காலத்தில்தான்.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். சட்டப்படி கிடைக்கிற பிரசவ லீவு 84 வேலை நாட்கள். அது முடிந்து மலைக்குப் போகும்போது பிள்ளைக்கு நாலு மாதம்கூட முழுசாக ஆகியிருக்காது. ஒரு வயது வரை பால் கொடுக்க வேலை நேரத்தில் இரண்டு தடவை இடைவேளை உண்டு. பிள்ளைக்காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணி நேரம், இல்லாவிட்டால் ஒரு மணி நேரம். இது சட்டத்தில் உள்ள உரிமை, கேட்டு வாங்குங்கள். "பால் பத்தாது" என்று நாலாம் மாதமே கோதுமை மாக் கஞ்சி ஊற்ற வேண்டியதில்லை. ஆனால் ஆறு மாதம் முடிந்த பிறகு பால் மட்டும் போதாது. பிறக்கும்போது பிள்ளை உடம்பில் சேர்த்து வைத்திருந்த இரும்புச்சத்து அந்த நேரத்தில் தீர்ந்துகொண்டு வரும்.

இனி துப்புகிற கதைக்கு வருவோம். சின்னப் பிள்ளையின் நாக்கு இயல்பாகவே வெளியே தள்ளும். பாலைத் தவிர வேறு எதுவும் தொண்டைக்குள் போகாமல் காக்கிற ஏற்பாடு அது. நாலு முதல் ஆறு மாதத்துக்குள் அந்தத் தள்ளல் குறையும். அதற்குப் பிறகும், கரண்டியில் வந்ததை நாக்கால் பின்னுக்குத் தள்ளி விழுங்க வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரியாது. அதையும் படிக்கத்தான் வேண்டும். முதல் வாரம் வாயிலிருந்து வழிகிறதில் பாதி, வெறுப்பினால் அல்ல, தெரியாமையால்.

ருசியும் அப்படித்தான். இனிப்பை எந்தப் பிள்ளையும் பிறந்த அன்றே விரும்பும், தாய்ப்பாலே இனிப்பு அல்லவா? கசப்பைக் கண்டால் முகம் சுளிக்கும். காட்டில் கசப்பான பலது விஷம், ஆகையால் இந்தச் சுளிப்பு மனிதக் குலத்துக்கு உதவியாக இருந்திருக்கிறது. வல்லாரைக்கும் முருங்கைக் கீரைக்கும் முகம் சுளிக்கிற பிள்ளையிடம் கோளாறு ஒன்றும் இல்லை.

இந்த ருசிப் படிப்பு வயிற்றிலேயே தொடங்குகிறது என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2001இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சில தாய்மார் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் கரட் சாறு குடித்தார்கள். வேறு சிலர் பால் கொடுக்கிற காலத்தில் குடித்தார்கள். இன்னும் சிலர் தண்ணீர் மட்டும். பிறகு பிள்ளைகளுக்குக் கரட் கலந்த கஞ்சி கொடுத்தபோது, கரட் சாறு குடித்த தாய்மாரின் பிள்ளைகள் குறைவாகவே முகம் சுளித்தார்கள். தாய் சாப்பிடுவதன் வாசனை பனிக்குட நீரிலும் பாலிலும் இறங்குகிறது. பத்தியம் என்று சொல்லி, பிள்ளை பெற்றவளுக்குக் கீரையும் மரக்கறியும் முட்டையும் நிறுத்தி, சோறும் ரசமும் மட்டும் கொடுக்கிற வீடுகளில் பெரியவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அம்மாயிமார் கோபிக்கக் கூடாது.

எத்தனை தடவை கொடுத்தால் பழகும்? ஜெர்மனியிலும் பிரான்சிலும் ஏழு மாதப் பிள்ளைகளுக்கு, அவர்கள் வேண்டாம் என்று தள்ளிய ஒரு மரக்கறியையே, ஒரு நாள் விட்டு ஒரு நாள், எட்டுத் தடவை கொடுத்துப் பார்த்தார்கள். எட்டாம் தடவைக்குள் பத்துப் பிள்ளைகளில் ஏழுக்கு மேல் அதை நன்றாகச் சாப்பிட்டார்கள். தாய்மாரோ அதற்கு முன்பே "இது பிடிக்காது" என்று முடிவு கட்டியிருந்தார்கள். சில பிள்ளைக்குப் பத்து, பதினைந்து தடவை ஆகலாம். ரெண்டு நாள் என்பது எவ்வளவு அவசரம் என்று பாருங்கள்.

இன்னொரு சோதனையும் சொல்ல வேண்டும், 2007இல் வந்தது. எட்டு நாள் போஞ்சி மசியல் கொடுத்த பிள்ளைகள் முன்னைவிடக் கூடுதலாகச் சாப்பிட்டார்கள், ஆனால் முகச் சுளிப்பு போகவில்லை! ஆகவே முகத்தைப் பார்த்து நிறுத்தாதீர்கள். வாயைப் பாருங்கள். அடுத்த கரண்டிக்கு வாய் திறக்கிறதா? திறந்தால் கொடுங்கள். தலையைத் திருப்பிக்கொண்டால், கையால் தட்டிவிட்டால், அன்றைக்குப் போதும். நாளைக்கோ நாளன்றைக்கோ மறுபடி அரைக் கரண்டி.

அரைக் கரண்டிதான், ஒரு கோப்பை அல்ல. கீழே போனாலும் பெரிய நட்டம் இல்லை. பசியோடு இருக்கிற நேரமாகப் பாருங்கள், தூக்கக் கலக்கத்திலோ காய்ச்சலிலோ புதுசாக எதையும் தொடங்க வேண்டாம். தனியாகச் சமைக்கவும் தேவையில்லை. வீட்டுப் பருப்பிலும் பூசணியிலும் மிளகாய்த்தூளும் உப்பும் போடுவதற்கு முன் ஒரு கரண்டி எடுத்து, சோற்றோடு கையால் மசியுங்கள். கரண்டியைச் சரித்தால் ஓடாத பதம் வேண்டும். தண்ணியாக ஓடுகிற கஞ்சியில் வயிறுதான் நிறையும், சத்துச் சேராது. முட்டை ஒரு வயதுக்குப் பிறகுதான் என்ற பேச்சு இன்னும் இருக்கிறது. நன்றாக வேகவைத்தால் ஆறு மாதம் முடிந்ததும் கொடுக்கலாம். முதல் தடவை கொஞ்சமாகக் கொடுத்து, தடிப்போ வாந்தியோ வருகிறதா என்று பாருங்கள். நெத்தலியைச் சுடுதண்ணியில் நன்றாக அலசி, தலையும் முள்ளும் எடுத்து, வறுத்து இடித்த தூள் ஒரு சிட்டிகை சோற்றில் சேர்க்கலாம். லுணுகலைப் பக்கம் வாழை, பப்பாசி, முருங்கைக்குப் பஞ்சமில்லை. லயத்துக்குப் பின்னால் ஒரு முருங்கை போதும்.

எட்டு, ஒன்பது மாதம் ஆகியும் எல்லாவற்றையும் வடிகட்டி, கூழாக்கிக் கொடுக்கிற பழக்கம் ஒன்று உண்டு. "தொண்டையில அடைச்சிரும்" என்ற பயம். இங்கிலாந்தில் பிரிஸ்டல் பகுதியில் 1991, 1992இல் பிறந்த பிள்ளைகளை வருஷக்கணக்காகத் தொடர்ந்து பார்த்ததில், கட்டி கட்டியான உணவை ஒன்பது மாதம் கழிந்து பிந்தித் தொடங்கிய பிள்ளைகள் ஏழு வயதிலும் மரக்கறியும் பழமும் குறைவாகச் சாப்பிட்டார்கள். மெல்லப் பழகுவதற்கும் ஒரு வயது இருக்கிறது. பிள்ளை ஓங்கரித்து, இருமி, சத்தம் போட்டால் அது தானே வெளியே தள்ளிக்கொள்கிறது. சத்தமே வராமல் முகம் நீலம் பாய்ந்தால்தான் அடைப்பு, உடனே உதவி வேண்டும். முழுக் கச்சான், கடலை, கடினமான கரட் துண்டு சின்னப் பிள்ளை கையில் வேண்டாம். பிள்ளை உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

மூக்கைப் பிடித்து ஊற்றுகிற வேலையை அடியோடு விடுங்கள். சாப்பாடு நுரையீரலுக்குள் போய்விடும். மிரட்டலும் பலன் தராது. பாலர் பள்ளி வயதுப் பிள்ளைகளை "சூப்பைக் குடிச்சு முடி" என்று நெருக்கிப் பார்த்த ஒரு சோதனையில், நெருக்கிய பிள்ளைகள் குறைவாகவே குடித்தார்கள், சூப்பையும் குறை சொன்னார்கள். "கீரை தின்னா டொபி தாரேன்" என்பதும் இதே கதைதான். கீரை ஒரு தண்டனை, டொபிதான் நல்ல சாமான் என்று பிள்ளை கணக்குப் போட்டுக்கொள்ளும்.

இரண்டு வயதில் எல்லாம் தின்ற பிள்ளை திடீரென்று புதுசு எதையும் தொடாது. இது பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருகிற பருவம், ஐந்தாறு வயதுக்குப் பிறகு மெல்லக் குறையும். இந்த வயதில் நன்றாக வேலை செய்வது, கூட உட்கார்ந்து அதே சாப்பாட்டைத் தின்று காட்டுவது. அப்பா தட்டில் கீரையை ஒதுக்கிவிட்டு மகனை "தின்னுடா" என்றால் மகன் எதைப் படிப்பான்?

பகல் முழுவதும் பிள்ளை இருக்கிற இடம் பிள்ளைக்காம்பரா. காலையில் விடும்போது ஆயாம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: "பூசணி நாலாந்தடவ குடுக்குறேன், நீங்களும் கொஞ்சம் குடுங்க." வீட்டில் ஒன்று, அங்கே ஒன்று என்றால் எண்ணிக்கை சேராது.

கிளினிக்கில் திரிபோஷா கிடைக்கிற பிள்ளைக்கும் இதே வழிதான். 1973 முதல் நாட்டில் உள்ள சோளம், சோயா, பால்மாக் கலவை அது. ஒரே மாதிரிக் கஞ்சி சலித்துப்போனால் வாழைப்பழத்தோடு பிசையுங்கள், தேங்காய்ப்பூ சேர்த்துப் பிடியுங்கள். உருண்டை பிடித்தால் வீட்டில் பெரியவர்களுக்கும் ஆசை வரும், எங்களுக்கும் தெரியும். பக்கெட்டில் இருப்பது அந்த ஒரு பிள்ளையின் அளவு.

தேயிலை பறிக்கிற நாம் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். சாயத்தண்ணியில் உள்ள துவர்ப்பு, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. சீனி போட்ட சாயத்தண்ணி வயிற்றையும் நிரப்பி, அடுத்த சாப்பாட்டுக்குப் பசியையும் கெடுக்கும். சின்னப் பிள்ளைக்குத் தாகம் என்றால் கொதித்து ஆறிய தண்ணீர். தோடம்பழக் காலத்தில் பிபிலைத் தோடை இரண்டு சுளை பிழிந்து கொடுத்தால், கீரையின் இரும்பு நன்றாகச் சேரும்.

எல்லாத் துப்பலும் பழக்கத்தால் சரியாகாது. விழுங்கும்போதெல்லாம் புரையேறினால், வாயில் புண் இருந்தால், பாலும் குடிக்காமல் சோர்ந்து கிடந்தால், அட்டையில் எடைக் கோடு இரண்டு மாதமாக மேலே ஏறாமல் நின்றால், அடுத்த கிளினிக் நாள்வரை பார்த்திருக்காமல் மருத்துவ மாதுவிடம் போங்கள். போகும்போது பிள்ளையின் அட்டையும், இந்த வாரம் எதை எத்தனை தடவை கொடுத்தீர்கள் என்ற கணக்கும் கையில் இருக்கட்டும்.