பழைய அலமாரிக்குப் புதுப் பெயின்ட்: டப்பாவைத் திறக்குறதுக்கு முன்னாடி இதைப் படி!

பாட்டி வீட்டு அலமாரி, கால் ஆடுற ஸ்டூல், அப்பா கணக்கெழுதின மேஜை... பழைய சாமான்காரர்கிட்ட தள்ளிவிடலாம்னு முடிவு பண்ணிட்டியா? கொஞ்சம் நில்லு தங்கச்சி. மரத்தூளை அழுத்திச் செஞ்ச இன்னிக்குப் பலகையெல்லாம் ரெண்டு தடவை தண்ணி பட்டா ஊதிப்போகும். அந்தப் பழைய மரம் இன்னும் ஒரு தலைமுறைக்கு உழைக்கும். ஆனா, கடைக்குப் போய் பெயின்ட் வாங்கின கையோட பிரஷ்ஷைத் தூக்காதே. முக்கால்வாசிப் பேர் பெயின்ட் உரியுதுன்னு கம்பெனியைத் திட்டுறாங்க. தப்பு, அடிக்கிறதுக்கு முன்னாடி செய்யாம விட்ட வேலையிலதான். வரிசையா சொல்றேன், கேட்டுக்கோ.

1. எல்லாத்துக்கும் பெயின்ட் அடிக்காதே. நல்ல தேக்கு, ஈட்டி மரம்னா பெயின்ட் பக்கமே போகாதே. சுத்தம் பண்ணி பாலிஷ் போட்டாலே போதும். ரேகைக்குள்ள இறங்கின பெயின்ட்டைப் பின்னாடி சுரண்டி எடுக்கிறது பெரும்பாடு. ப்ளைவுட், ஒட்டுப்போட்ட மரம், ஏற்கெனவே பெயின்ட் பட்டது, இதுக்கெல்லாம் தாராளமா அடி. சப்பாத்திப் பலகை, காய் நறுக்குற பலகைக்கு மட்டும் எப்பவும் வேண்டாம்.

2. உளுத்திருக்கான்னு பாரு. குண்டூசித் தலை அளவு ஓட்டை, கீழே மாவு மாதிரி தூள். துடைச்சுவிட்டு நாலு நாள் கழிச்சுப் பாரு. மறுபடி தூள் விழுந்திருந்தா வண்டு உள்ளேதான் இருக்கு. முதல்ல மருந்து, அப்புறம் பட்டி வச்சு ஓட்டையை அடை. இதைச் செய்யாம அடிச்சா மேலே பளபளப்பு, உள்ளே பொடி.

3. பிடி, கீல், தாழ்ப்பாள் எல்லாத்தையும் கழற்று. "ஓரமா பார்த்து அடிச்சுக்கலாம்"னு சொல்லாதே. கீலுக்குள்ள பெயின்ட் போனா கதவு மூடாது. ஸ்க்ரூவைச் சின்ன கவர்ல போட்டு, அந்தந்தக் கதவு உள்பக்கமே டேப் போட்டு ஒட்டிடு. தேடுற நேரம் மிச்சம்.

4. எண்ணெய்ப் பிசுக்கை எடு. மர சாமானைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கிற பழக்கம் நமக்கு உண்டே, அதுதான் பெயின்ட்டுக்கு முதல் எதிரி. சமையலறை ஷெல்ஃப்ல தாளிப்புப் புகை வேற. பாத்திரம் தேய்க்கிற சோப்பை வெந்நீர்ல கலந்து துடை, நல்ல தண்ணியில இன்னொரு தடவை துடை, ஒரு நாள் காய விடு.

5. உப்புத்தாள் போடாம தப்பிக்க முடியாது. ஆனா மரம் தெரியுற வரைக்கும் தேய்க்கவும் வேண்டாம். பளபளப்பு போனாப் போதும். முதல்ல 120 நம்பர், அப்புறம் 220. ரேகை போற திசையிலேயே தேய். குறுக்கே தேய்ச்ச கீறல் ரெண்டு கோட்டுக்கு அப்புறமும் தெரியும். இன்னொண்ணு, வீட்டுப் பெயின்ட்ல 90 பி.பி.எம்.முக்கு மேல ஈயம் இருக்கக் கூடாதுங்கிற விதி நம்ம நாட்டுல 2017 நவம்பர்லதான் அமலுக்கு வந்தது. அதுக்கு முந்தைய பெயின்ட்ல ஈயம் இருக்கலாம். அதைக் காய்ஞ்சபடி தேய்க்காதே. வாட்டர்ப்ரூஃப் தாளை நனைச்சுத் தேய், மாஸ்க் போடு, துடைப்பத்தால பெருக்காம ஈரத்துணியால வழி. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக் கூடாது.

6. பிரைமர்ல காசு மிச்சம் பிடிக்காதே. பழைய பெயின்ட் எந்த வகைன்னு தெரியலையா? பஞ்சுல ஸ்பிரிட் நனைச்சு தேய்ச்சுப் பாரு. கலர் பஞ்சுல ஒட்டினா தண்ணி பெயின்ட், ஒட்டலைன்னா பெரும்பாலும் எண்ணெய் பெயின்ட். எண்ணெய் பெயின்ட் மேல தேய்க்காம, பிரைமர் இல்லாம தண்ணி பெயின்ட் அடிச்சா நகத்தால உரிச்சுடலாம். இரும்பு பீரோன்னா துருவைச் சுரண்டிட்டு ரெட் ஆக்ஸைடு பிரைமர் அடி.

7. கெட்டியா ஒரு கோட்டைவிட மெல்லிசா ரெண்டு கோட்டு மேல். டப்பாவைக் குலுக்காதே, குமிழி வரும், குச்சியால கலக்கு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில இந்த வேலையைத் தொடாதே. உச்சி வெயில்லயும் வேண்டாம், மேல்தோல் மட்டும் காய்ஞ்சு கொப்புளம் கட்டும். கோட்டுக்கு நடுவுல பிரஷ்ஷைக் கழுவ நேரமில்லையா? பிளாஸ்டிக் கவர்ல காத்துப் புகாம சுத்தி வை, மறுநாள் அப்படியே எடுக்கலாம்.

8. இனிதான் கிளேஸ். வேற ஒண்ணுமில்ல, அடியில இருக்கிற கலர் தெரியுற மாதிரி பூசுற மெல்லிய நிறம். ஓவியச் சாமான் கடையில அக்ரிலிக் கிளேஸ் மீடியம்னு கேளு. நாலு பங்கு மீடியத்துக்கு ஒரு பங்கு பழுப்பு அக்ரிலிக் கலர்.

• அடிப் பெயின்ட் லேசா மினுமினுக்கணும். சுத்த மேட்டா இருந்தா கிளேஸை உறிஞ்சி திட்டுத் திட்டா நிக்கும். ஒரு நாளாவது காய்ஞ்சிருக்கணும்.
• க்ரீம் கலர் கதவுல செதுக்கின பூ இருக்குன்னு வை. பள்ளமெல்லாம் நிறையுற மாதிரி கிளேஸைப் பூசு. ஒரு நிமிஷம் விட்டு, பழைய வேட்டித் துணியை லேசா நனைச்சுப் பிழிஞ்சு மேடுகளை மட்டும் துடை. இதழ் வெளுப்பா வரும், இதழ் இடுக்குல பழுப்பு தங்கும்.
• பூ வேலை இல்லாத தட்டைக் கதவா? துடைக்காம, காய்ஞ்ச பிரஷ்ஷை ஒரே திசையில மேலிருந்து கீழே இழு. மர ரேகை மாதிரி கோடு விழும்.
• நம்ம ஊரு சூட்டுக்கு கிளேஸ் சட்டுனு காயும். ஃபேனை நிறுத்து, ஒரு கதவை முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போ. பிடிக்கலைன்னா ஈரமா இருக்கும்போதே துடைச்சுடு.
• முதல்ல டிராயர் உள்பக்கத்துல போட்டுப் பாரு.

9. டிராயர் பக்கவாட்டுல அடிக்காதே. மாட்டிக்கும். அங்கே மெழுகுவர்த்தியைத் தேய், வழுக்கிட்டு ஓடும்.

10. மேல் கோட்டும் பொறுமையும். வெளிர் நிறத்துக்கு எண்ணெய் வார்னிஷ் போட்டா நாளடைவுல மஞ்சளாகும். தண்ணி வகை கிளியர் கோட்டு வாங்கு. தொட்டா ஒட்டலைங்கிறதுக்காக மேலே டி.வி.யைத் தூக்கி வைக்காதே. உள்ளே இறுக ஒரு வாரமாவது ஆகும்; அதுக்குள்ள நியூஸ் பேப்பர் விரிச்சா எழுத்தோட ஒட்டிக்கும்.

11. எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதே. ஆளி விதை எண்ணெய், எண்ணெய் வார்னிஷ் துடைச்ச துணியைக் குவிச்சு வச்சா தானே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரிச்சுக் காய வச்சு அப்புறம் தூக்கிப் போடு.

இவ்வளவும் கேட்டுட்டு நேரா ஆறடி அலமாரியில கை வைக்காதே. வீட்டுல ஒரு ஸ்டூல் இருக்கும், அதுல ஆரம்பி. சொதப்பினாலும் ஒரு நாள் வேலைதான். அது நல்லா வந்தா அலமாரியைத் தொடு.